காதுல விழலை மாமா

— விசில நிறுத்து தாயி! இடுப்பளவு தண்ணியிலதான் நிக்கேன். நடுக்கடலுக்குப் போன மாதிரில்லா ஊதுத?

— செகப்புக் கொடி பறக்கறதே, பாக்கலையா மாமா? இன்னிக்கு யாரும் இறங்கப்படாது. வெளில வாங்கோ!

— செகப்புக் கொடியா? எங்க தாராவியில தெருவுக்குத் தெரு பறக்கு. அதுக்காவ வீட்டுக்குள்ளயா கெடக்கோம்?

— இது கட்சிக் கொடி இல்லே மாமா. ஹைடைட், கடல் ஏறிண்டிருக்கு. திரும்பிப் போற அலை காலை வாரிடும். ஜுஹு பீச்சுல லைஃப்கார்டா நிக்கறவ சொல்றேன்.

— நீ யாருட்ட பேசுதன்னு தெரியுமா? குர்லாவுல வெல்டிங் பட்டறை பூலோகம்னு கேட்டுப் பாரு. தாமிரவரணியில நீந்திக் கெடந்தவன். எனக்குக் கொடி காட்டுதியோ!

— ஆறு மேலாக்க இழுக்கும், கடல் அடியால இழுக்கும். உள்ளங்கால்ல மணல் நழுவறதோன்னோ?

— ஆமா, குறுகுறுன்னு சொகமாத்தான் இருக்கு.

— ஐயோ, அதுதான் மாமா இழுப்பே!

— ஏங்க, அந்தப் புள்ள இந்தக் கத்து கத்துதுல்லா? ஏறி வாங்களேன்.

— நீ சும்மா இரு செம்பகம். செருப்பப் பாத்துக்கோ.

— மாமி, நீங்க இப்படி எம்பக்கத்துல வந்து நில்லுங்கோ. அலை அங்க வரைக்கும் வரும்.

— இந்தா வாரேன் தாயி.

— மாமா! உங்க ஊர் ஆத்துல கணுக்காலளவுதான் தண்ணியாமே?

— என்னது?

— எருமைகூடப் படுத்துண்டுதான் முதுகை நனைச்சுக்குமாம். அதுல நீங்க எங்கேர்ந்து நீந்தினேள்?

— எவன் சொன்னான்? ஆனை முங்குற ஆழத்துல கசம் இருக்கு அங்கன!

— என்ன? காதுல விழலை மாமா.

— ஆனை! ஆனை முங்கும்!

— பூனையா?

— அரே! பூனையா? இரு, அங்கன வந்தே சொல்லுதேன்! எங்க ஊரப் பாத்து என்ன பேச்சுப் பேசுத நீ? இப்பக் கேக்கா?

— அலைச் சத்தம் மாமா. இன்னும் கொஞ்சம் கிட்ட.

— ஆனை முங்குற கசம்! இப்ப?

— நன்னாக் கேக்கறது. மாமி, துண்டைக் குடுங்கோ.

— துண்டு எதுக்கு?

— குனிஞ்சு பாருங்கோ. காஞ்ச மணல்ல நிக்கறேள்.

— அட... நான் நின்ன எடம் எங்க?

— அதோ, அந்தக் கட்டையை அலை உள்ள இழுத்துண்டு போறதே, அங்கதான்.

— யப்பா! அவ்வளவு பெரிய கட்டையையா? ஏ தாயி, உம்பேரென்ன?

— அம்மு. வீடு மாட்டுங்கால.

— அம்மு, நீ கெட்டிக்காரிம்மா! கயிறு போடல, தண்ணியில காலு வைக்கல, வாயாலயே என்னக் கரை சேத்துட்டியே! சபாஷ்! ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிரு. கணுக்கால் தண்ணி, எருமை... மாட்டுங்காக்காரிக்கு இதெல்லாம் யாரு சொன்னா?

— நாந்தான், அவ பக்கத்துல வந்து நின்னப்ப சொன்னேன். நான் வாக்கப்பட்டு வந்த அன்னைக்கே ஒங்கம்மா காதோட சொல்லிக் குடுத்தாக: ‘எம்மவன் கூப்பிட்டா வரமாட்டான் செம்பகம், ஊரக் கொற சொல்லு, எங்க இருந்தாலும் ஓடியாந்துருவான்.’