ஈரச்சாக்கு

பம்ப் ஸ்டவ்வைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை, ஐயா. பார்த்துப் புழங்கினால் விறகடுப்பைவிட அது நல்லது. புகை கிடையாது, பாத்திரத்தில் கரி ஏறாது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு முதல் ஸ்டவ் கொண்டுவந்தவன் என் தம்பி இராமதாஸ். மில்லில் தீயணைக்கப் பழகிய ஆட்களில் அவனும் ஒருவன். பிரெஞ்சுக்காரர்கள் போவதற்கு முன்பே அதைக் கற்றுக்கொண்டவன்.

வாங்கி வந்த அன்றே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். தீ மேலே எழும்பினால் காற்றுத் திருகைத் தளர்த்திவிட வேண்டும். கிட்டே போக முடியாவிட்டால் ஈரச்சாக்கைப் போட்டு மூட வேண்டும், இல்லையென்றால் மணலைக் கொட்ட வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. மண்ணெண்ணெய் தண்ணீர்மேல் மிதந்து போகும், தீயும் கூடவே போகும். தெருப் பெண்கள் எல்லாருக்கும் இதை நான்தான் சொல்லிவைத்தேன். தனக்கொடி அக்காவிடம் கேட்டுக்கொள் என்பார்கள்.

சுலோசனாவுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தம்பி பெண்டாட்டி. வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், ஸ்டவ்வைப் பார்த்தே இராதவள். நல்ல பெண். எதைச் சொன்னாலும் சரிங்க அண்ணி என்பாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் அம்மா போனபோது இராமதாஸ் கைக்குழந்தை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கு மாட்டேன் என்று நானே சொல்லியனுப்பினேன். அதைப் பெரிதாக யாரிடமும் பேசியதில்லை. போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரெட்டியார்பாளையத்தில் வீடு பார்த்திருக்கிறேன் என்றான். அவனும் அவளும் மட்டும்.

"அடிக்கடி வந்துட்டுப் போறோம் அக்கா."

நான் மோர் ஊற்றினேன்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஸ்டவ் பழக்கினேன். தனி வீட்டில் அவள்தானே சமைக்க வேண்டும். தீ எழும்பினால் என்ன செய்வது என்று கேட்டாள். குடத்துத் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றிவிடு என்றேன். மறக்காமல் இருக்கத் திரும்பச் சொல்லவைத்தேன்.

கொஞ்சம் பயந்துகொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். கையில் சின்னதாக ஒரு காயம் பட்டால் போதும். பிறகு ஸ்டவ் பக்கம் போகமாட்டாள், தனிக்குடித்தனப் பேச்சும் அடங்கிவிடும். தம்பி வேலைக்குப் போனதும், எண்ணெய் ஊற்றும் மூடியில் இருந்த வாஷரை எடுத்துவிட்டு மூடியைத் திருகிவைத்தேன். அவள் அன்று நைலான் சேலை கட்டியிருந்தாள். மாற்றிக்கொண்டு வா என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் வாங்கிக்கொடுத்தது, ஆசையாகக் கட்டியிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

பம்ப் அடித்ததும் மூடி வழியே எண்ணெய் பீறித் தீப்பிடித்தது. அவள் குடத்தைத் தூக்கி ஊற்றினாள். தண்ணீரோடு தீ அவள் காலுக்கு வந்தது. நான் பின்வாசலில் நின்றேன். சாக்கை முன்பே நனைத்துக் கையில் வைத்திருந்தேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நனைந்த சாக்கு கனமாக இருந்தது. போட்டேன். அவள் கத்தல் நின்ற பிறகு போட்டேன்.

பக்கத்து வீட்டு வீராயி ஓடி வந்தபோது சுலோசனா சுவரில் சாய்ந்து கிடந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் ஊத்தினேன் அண்ணி. அணையலையே."

அதில் கோபம் இல்லை. தான் சரியாக ஊற்றவில்லையோ என்று கேட்ட மாதிரி இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

அவள் அப்பா சக்கரபாணி என் தம்பிமேல் புகார் கொடுத்திருக்கிறார். தீயைப்பற்றி எல்லாம் தெரிந்தவன் அவன்தானே என்று நீங்களும் அவனை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாஷரை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறேன், இந்தாருங்கள். படுவது சின்னக் காயமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்னக் காயத்துக்கு யாரும் அவ்வளவு நேரம் கையில் சாக்கோடு நிற்கமாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரிகிறது.

உள்ளே வரும்போது அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். களைப்பாக இருக்கும்.

அவனை இன்றைக்கே விட்டுவிடுங்கள். என்னை எங்கே வைத்தாலும் சரி, இந்த ஊரிலேயே வையுங்கள். அவன் பார்க்க வருவதற்கு வசதியாக இருக்கும். வருவான், ஐயா. இனிமேல் என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?