வரிக்குதிரைகளுக்கு ஒரு புத்திமதி

ஈஸ்ட் ஹாமில் மரக்கறிப் பைகளோடு ரயில் ஏறிய இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி கணவனோடு கென்யா போய் வந்திருந்தாள். நான் பேப்பர் வாசிப்பதுபோல் இருந்தேன்.

"ஏரி, எரிமலை எல்லாம் சுத்திக் காட்டுற ஹெலிகொப்டரடி. அது இறங்கிற சத்தம் கேட்டதும், ஊரில ஹெலி சுட வந்தால் படுக்கிற மாதிரி இவர் புல்லில குப்புறப் படுத்திட்டார்."

"ஐயோ, வெள்ளைக்காரர் பார்த்தவையே?"

"பார்த்தவையோ? சிங்கம் வந்திட்டுதாக்கும் எண்டு அவையும் பக்கத்தில படுத்திட்டினம்!"

"பிறகு ஏறினவரோ?"

"ஏறினவர். கீழ வரிக்குதிரையள் ஹெலிக்குப் பயந்து ஓடுதுகள். எல்லாரும் படம் எடுக்கினம். இவர் மட்டும் கண்ணாடியில தட்டித் தட்டிக் கத்துறார்."

"என்னெண்டு?"

"'ஓடாதேங்கோ, படுங்கோ! குப்புறப் படுங்கோ!' எண்டு."