இராக்கம்மாவைப் பற்றிய திருத்தம்

மேடையில் வீற்றிருக்கும் அவைத் தலைவர் அவர்களே, பாடசாலை நிர்வாகக் குழுவினரே, இந்த மண்டபத்துக்குக் கூரைத் தகரம் வழங்கிய பெரிய கங்காணி அவர்களே, பதுளைக் கடைவீதி வணிகப் பெருமக்களே, முன்னாள் மாணவர்களே, வாங்குகளில் இடமில்லாமல் வாசலில் நிற்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நமது ஆசிரியர் ராமாமிர்தம் அவர்கள் மறைந்து இன்று பதினாறாம் நாள். எனக்கு முன் ஐந்து பேர் பேசினார்கள். ஐவரும் அவரை 'உண்மையின் காவலர்' என்றார்கள். ஐந்து பெரியவர்களுக்கும் ஒரே சொல் எப்படித் தோன்றியது என்று வியந்தேன். பிறகு நினைவு வந்தது. அனுதாபத் தீர்மானத்தை எழுதியவன் நான். நேற்று மாலை ஆளுக்கொரு பிரதி அனுப்பியவனும் நான். ராமாமிர்தம் இங்கே இருந்திருந்தால் ஒரே கேள்விதான் கேட்டிருப்பார்: "அஞ்சு பேரு சொன்னாங்க, சரிங்க. அஞ்சு பேரும் யாருகிட்ட கேட்டாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் 'பதுளை மாணவ மித்திரன்' என்ற பத்திரிகையை நம் மாணவர்களைக் கொண்டு நடத்தினார். மாதம் ஓர் இதழ். ஊதா மையால் எழுதி, பசைத் தட்டில் ஒற்றி, நாற்பது பிரதிகள் எடுப்பார்கள். நாற்பதும் கடைவீதியில் கைமாறி, மசாலை வாசனையோடு திரும்பி வரும். வகுப்புச் சுவரில் பத்திரிகைக்கான விதிகளை ஒட்டியிருந்தார். பார்த்தவனிடம் கேள், பார்த்ததாகக் கேள்விப்பட்டவனிடம் கேட்காதே. யாரைக் குறை சொல்கிறாயோ அவன் பதிலையும் போடு. பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரவேண்டும்.

ஒரு பரிசளிப்பு விழாவில் தலைவர் உறங்கிவிட்டார் என்று ஒரு மாணவன் எழுதினான். "உறங்கினார்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்று ராமாமிர்தம் கேட்டார். கண்ணை மூடியிருந்தார் என்றான். "அப்ப அதை மட்டும் எழுது." அப்படியே எழுதினான்: 'தலைவர் அவர்கள் முக்கால் மணி நேரம் கண்களை மூடியிருந்தார்.' அந்தத் தலைவரே இன்றைய கூட்டத்துக்கும் தலைமை தாங்குகிறார். இப்போதும் கண்களை மூடியிருக்கிறார். அதற்குமேல் நான் எதையும் சொல்ல மாட்டேன்.

பெருமக்களே! சிரித்தது போதும். இனி அவரை நாம் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

1918ஆம் ஆண்டுக் காய்ச்சலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று குழு கேட்டுக்கொண்டிருக்கிறது. முன்வரிசைக்குத் தெரியும், அதுவே போதும். அங்கே காய்ச்சலில் மூன்று பேர் இறந்ததாகத் தோட்டத்தில் சொன்னார்கள். லுணுகலையில் துணிக்கடை வைத்திருக்கும் மொஹிதீன் அவர்களின் மகன் ஹுமைத் அப்போது நம் மாணவன். ஒரே மாதத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து பதினொரு பேர் வந்து, பிணத்துக்குப் போர்த்தும் கோடித் துணி வாங்கிப் போனதைக் கடையில் பார்த்திருந்தான். மூன்று பேருக்கு எதற்குப் பதினொரு கோடி?

வேறு பத்திரிகையாயிருந்தால் அன்றே எழுதியிருக்கும். ராமாமிர்தம் விடவில்லை. துணி வாங்கியது சாட்சியாகாது, குழி வெட்டியவர்களைக் கேள் என்றார். ஹுமைத் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாசலில் காத்திருந்து, சாமான் வாங்க வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கேட்டான். பதினொரு பெயர்கள் கிடைத்தன. தோட்டத்தின் பதிலையும் சேர்த்து, மார்கழி இதழில் முதற் பக்கத்தில் போட்டார்கள். பட்டியலில் ஏழாவது பெயர் இராக்கம்மா, மாரிசாமியின் மனைவி.

ஒரு வாரத்தில் தோட்டத்துத் துரையிடமிருந்து கடிதம் வந்தது. இராக்கம்மா உயிரோடு கொழுந்து பறிக்கிறாள், வேண்டுமானால் ஓர் ஆள் வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். ராமாமிர்தம் காய்ச்சலாகப் படுத்திருந்தார். குழு, பொறுப்பான ஒருவரை அனுப்பியது. அந்தப் பொறுப்பானவன் நான்.

வேலைக்கு முன் ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்குப் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை, செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். "இராக்கம்மா!" மூன்றாவது வரிசையில் ஒரு பெண் "வந்தேங்க" என்றாள். நான் குறித்துக்கொண்டேன். பிறகு ஆபீசில் தேநீர் கொடுத்தார்கள். இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஆண்கள் வரிசையில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் மாரிசாமி. அவரை யாரென்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிஸ்கட் நன்றாக இருந்தது.

திரும்பி வந்து சொன்னேன். ராமாமிர்தம் படுக்கையிலிருந்தே கேட்டார்: "அந்தம்மாகிட்ட என்னங்க கேட்டீங்க?"

"கேட்க என்ன இருக்கு? பேரைக் கூப்பிட்டாங்க, வந்தேன்னு சொல்லிச்சு. என் கண்ணால பார்த்தேன்."

உடன் வேலை செய்யும் ஆசிரியன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்கிறான். அதற்குமேல் அவர் என்ன கேட்பார்? தை மாத இதழின் முதற் பக்கத்தில் திருத்தம் வந்தது: 'இராக்கம்மா உயிருடன் இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்.' ஒரு பெயர் பொய் என்றதும் மற்றப் பத்துப் பெயர்களும் பொய்யாகிவிட்டன. ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது.

சித்திரையில் மாரிசாமி பாடசாலை வாசலில் வந்து நின்றார். கடைவீதியிலிருந்து திருச்சிப் பக்கம் போன ஒருவர், நம் பத்திரிகைச் செய்தியை அவருடைய மாமனார் காதில் போட்டிருக்கிறார். மாரிசாமி சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "குழி வெட்டிப் பொதச்சவன் நானுங்க. எம் மாமனார் கடுதாசி போட்டுக் கேக்குறாரு, உசுரோட இருக்கிறவளுக்கு ஏன்டா கருமாதி பண்ணுனே, எம் மகள எங்க விட்டேன்னு. நான் என்னங்க பதில் சொல்றது?"

அப்படியானால் பெரட்டில் குரல் கொடுத்தது யார்? ராமாமிர்தம் அந்தப் பெண்ணை லுணுகலைச் சந்தையில் தேடிப் பிடித்துக் கேட்டார். அவள் பெயர் பரிமளம். அப்போதுதான் கடல் கடந்து வந்தவள். அந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம். ஆள் செத்தாலும் செக்ரோலில் பெயர் சாவதில்லை. புதிதாக வந்த ஆளை அந்தப் பெயரில் நிறுத்துவார்கள். புதுப் பெயர் எழுதுவது அவ்வளவு சிரமமான வேலையாம். பரிமளம் ராமாமிர்தத்திடம் சொன்னாள்: "அந்தப் பேரச் சொன்னா வந்தேன்னு சொல்லணும்னாங்க, சொன்னேங்க. எம் பேர யாரு கேட்டா?"

யார் கேட்டார்கள், பெருமக்களே? துரை கேட்கவில்லை. ஆள் கூட்டி வந்த கங்காணி கேட்கவில்லை. பதினைந்து மைல் நடந்து போன நானும் கேட்கவில்லை.

உண்மையை ஒருமுறை எழுதி, பிறகு அதைப் பிழையென்று திருத்திய பத்திரிகை உலகத்தில் எத்தனை இருக்குமோ தெரியாது. பதுளையில் ஒன்று இருந்தது. ராமாமிர்தம் அன்றே புதிய திருத்தம் எழுதினார். குழு கூடியது. ஒருமுறை வருந்திய பத்திரிகை, வருந்தியதற்காக மறுபடியும் வருந்துவது பாடசாலையின் கௌரவத்துக்கு அழகல்ல என்று முடிவு செய்தது. ஒருவர் மட்டும் எதிர்த்தார். மொஹிதீன் அவர்கள் எழுந்து, "கோடி கிழிச்சுக் குடுத்தது நானுங்க. உசுரோட இருக்கிற பொஞ்சாதிக்கு எந்த மனுசன் கோடி வாங்குவான்?" என்றார். கூட்டக் குறிப்பில் அது இல்லை. 'ஓர் உறுப்பினர் உடல்நலமின்றி இருந்தார்' என்று இருக்கிறது. எழுதியவன் நான். பத்திரிகை நிறுத்தப்பட்டது. பசைத் தட்டு அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை ராமாமிர்தம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். ஒரே ஒரு திருத்தம் வெளியிட அனுமதி வேண்டும் என்று. ஆறு ஆண்டுகள், எழுபத்திரண்டு விண்ணப்பங்கள். ஒன்றுக்கும் பதில் போகவில்லை. கொழும்புப் பத்திரிகை ஒன்று அதைப் போடுவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டார். "பிழை கொழும்புலயா நடந்துச்சு? நடந்த பக்கத்துலதான் திருத்தணுங்க." அந்தப் பிடிவாதத்தின் பேரில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அவர் விதியைக் காப்பாற்றினார். மாரிசாமி ஆறு ஆண்டுகள் பெண்டாட்டியைத் தொலைத்தவன் என்ற பெயரோடு இருந்தார். ஆனால் இந்த மண்டபத்தில் அவரைக் குறை சொல்லும் யோக்கியதை யாருக்கு இருக்கிறது? அலமாரிச் சாவி குழுவின் செயலாளரிடம் இருக்கும். அந்த ஆறு ஆண்டும் செயலாளர் நான்தான். சாவி என் வீட்டு ஆணியில் தொங்கியது. ஒவ்வொரு நாளும் சட்டையை அதன்மேல்தான் மாட்டினேன்.

இன்று காலை அந்தச் சட்டையை எடுத்தபோது சாவியையும் எடுத்தேன்.

பண்டாரவளையில் கடை நடத்தும் ஹுமைத், கடையை மூடிவிட்டு வந்தார். தட்டிலிருந்த பசை காய்ந்து வெடித்திருந்தது. புதிதாகக் காய்ச்சி ஊற்றினோம். நாற்பது பிரதிகள் வாசலில் இருக்கின்றன. முதற் பக்கத்தில், பழைய திருத்தம் வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் இருப்பதை வாசிக்கிறேன். வாசகம் ராமாமிர்தத்தின் விண்ணப்பத்திலிருந்து எடுத்தது. கடைசி வாக்கியம் மட்டும் என்னுடையது.

'1919 தை இதழில், இராக்கம்மா உயிருடன் இருக்கிறார் என்று எழுதினோம். அது பிழை. இராக்கம்மா 1918 கார்த்திகையில் காய்ச்சலால் இறந்தார். கணவர் மாரிசாமி அடக்கம் செய்தார். பெரட்டில் அந்தப் பெயருக்குக் குரல் கொடுத்தவரின் பெயர் பரிமளம். அவரிடம் பெயர் கேட்காமல் வந்து பொய்ச் செய்தி சொன்னவர் ஆசிரியர் பாலசுப்பிரமணியம்.'

வாசலில் நிற்கும் மாரிசாமி அவர்களே, முதல் பிரதி உங்களுடையது. உங்கள் மாமனாருக்கு அனுப்புங்கள்.

இனி மாதந்தோறும், முதல் திங்கட்கிழமை, பத்திரிகை வரும். மற்றப் பத்துப் பேரின் வீடுகளுக்கும் மாணவர்கள் மறுபடி போய்க் கேட்பார்கள். யாரைக் குறை சொல்கிறோமோ அவர்கள் பதிலும் வரும். ஆகையால் பெரிய கங்காணி அவர்கள் இப்போதே எழுந்து போக வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்தது யார் என்று குழு விசாரணை வைக்கவும் வேண்டியதில்லை. இந்த ஊதா மை எவ்வளவு தேய்த்தாலும் நான்கு நாளைக்குப் போகாது.

இதோ, என் கைகள்.