முதலில் விலை, பிறகு ஸ்பேனர்

மேடையேறிய நேரத்திலிருந்து என்னையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத் தலைவர், நுகர்வோர் மன்றத்தின் ஞானாம்பாள் அம்மையார் அவர்களே, கடலூர், சிதம்பரம் வட்டார நடமாடும் பேட்டரி சேவையாளர் சங்கத்தை ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்து நிறுத்திய அண்ணன் தமிழ்மணி அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வாடகை வண்டி ஓட்டும் தோழர்களே, நடுச்சாலையில் கார் நின்றுபோய், நாங்கள் வருகிற திசையையே பார்த்து நின்ற நல்ல உள்ளங்களே, அனைவருக்கும் முதுநகர் பேட்டரிக்காரன் சிலம்பரசனின் வணக்கம்.

சிதம்பரத்தில் இந்த மண்டபத்துக்கு வெளியே முப்பத்தொரு வேன்கள் நிற்கின்றன. முப்பத்தொன்றின் கதவிலும் இன்று காலை விலைப்பலகை ஏறிவிட்டது. வந்து பார்க்க என்ன கட்டணம், புதிய பேட்டரி என்ன விலை, பழைய பேட்டரிக்கு என்ன கழிவு, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. வாகனத்துக்கு ஒரு விலையா? இல்லை. வாய்க்கு வாய் ஒரு விலையா? இல்லை. வியர்வையைப் பார்த்து ஒரு விலையா? இனி இல்லவே இல்லை. இதைச் சொல்லும்போது என் நெஞ்சு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா? பலகையால் லாபம் குறையுமே, இவனுக்கு ஏன் இத்தனை ஆனந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. சங்கத்துச் சகோதரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். போனில் ஒரு விலை சொல்வோம். போய் இறங்கியதும் பானட்டைத் திறப்போம், பேட்டரியைக் கழற்றுவோம், கழற்றியதைக் கொண்டுபோய் எங்கள் வேனில் வைப்போம். அதற்குப் பிறகுதான் நிஜமான விலையைச் சொல்வோம். பேட்டரி எங்கள் வேனில், கார் உங்கள் கையில். பேரம் பேச உங்களுக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அதைத் திறமை என்று நினைத்தேன். நான் கெட்டிக்காரன் என்று மீசையைக்கூட முறுக்கிக்கொண்டேன்.

என்ன ஐயா, பின்வரிசையில் சிரிப்பு? மீசை எங்கே என்கிறீர்களா? அந்த வாரமே எடுத்துவிட்டேன்.

எந்த வாரம்? போன வருஷம், மழை விட்டுவிட்டுத் தூறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் புதுச்சத்திரத்திலிருந்து அழைப்பு. எங்கள் வீட்டில் போன் எடுப்பது என் மனைவி பவானி. வந்து பார்க்க முந்நூற்றைம்பது ரூபாய் என்று சொல்லிவிட்டார். நான் ஏற்கெனவே ஆலப்பாக்கத்தில் இருந்ததால் பத்து நிமிடத்தில் போய்விட்டேன். காருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்து ஐஸ் வியாபாரி லூர்துசாமி. உள்ளே அவர் மகள் ஜெயராணி, மடியில் ஹால்டிக்கெட். சிதம்பரத்தில் அரசுப் பணித் தேர்வு, ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வயது வரம்பு முடிகிற வருஷம், அந்தப் பெண்ணுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

பானட்டைத் திறந்தேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. டெர்மினல், அதாவது பேட்டரியில் வயர் மாட்டும் முனை, வெள்ளையாகப் பூத்து, பிடிப்பு தளர்ந்திருந்தது. பேட்டரி நல்ல பேட்டரி. வெந்நீர் ஊற்றித் துடைத்து முடுக்கினால் கார் ஓடும். ஆனால் நான் என்ன செய்தேன்? கழற்றினேன். வேனில் வைத்தேன். "பேட்டரி போயிடுச்சி சார். புதுசு போடணும், எட்டாயிரத்து ஐநூறு ஆவும்" என்றேன். மடியில் ஹால்டிக்கெட்டைப் பார்த்த பிறகு சொன்ன விலை, அம்மையார் அவர்களே. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் விலை.

லூர்துசாமி சண்டை போடவில்லை. பவானிக்கே போன் போட்டார். "ஏம்மா, நீங்க முந்நூத்தம்பதுன்னீங்க. இவுரு எட்டாயிரத்து ஐநூறுன்றாரு. அவ்ளோ இப்ப எங்கிட்ட இல்ல. எம்பொண்ணுக்கு ஒம்போது மணிக்குப் பரிச்ச."

"போன ஸ்பீக்கர்ல போடுங்கண்ணா" என்றது என் வீட்டுக் குரல். "இன்னாங்க, பேட்டரி நெஜமாவே போச்சா?"

நான் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"உங்களத்தான் கேக்கறன். போச்சா, இல்லியா?"

"இல்ல" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குப் பதினோரு வருடத் தொழில் குறுக்கே நின்றது. சொன்ன பிறகு கை தானாக ஓடியது. டீக்கடையில் ஒரு செம்பு வெந்நீர் வாங்கினேன், ஊற்றினேன், தேய்த்தேன், மாட்டினேன், முடுக்கினேன். ஏழு நிமிடம். கார் உறுமியது. முந்நூற்றைம்பதை என் சட்டைப்பையில் வைத்துவிட்டு லூர்துசாமி சொன்னார்: "சொன்ன வெலைய வாங்கிக்க. உன்னத் திட்றதுக்கு அப்பறமா வரேன்." எட்டு ஐம்பத்திரண்டுக்கு அந்தப் பெண் கேட்டுக்குள் நுழைந்தாள் என்று பவானிக்குச் செய்தி வந்தது. அதைக் கேட்டதும் வேனின் படியில் உட்கார்ந்து அழுதேன். தேறினாளா என்று கேட்கிறீர்களா, தாயே? தேறிவிட்டாள். போன மாதம் பண்ருட்டிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள். தட்டுங்கள் கையை, இது எனக்கான கைத்தட்டல் அல்ல.

மூன்றாம் நாள் லூர்துசாமி முதுநகருக்குச் சொன்னபடியே வந்தார். என் கடை வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் திட்டினார். திட்டத் திட்ட என் பாரம் இறங்கியது. எழுந்து போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்களுக்கு முன்னாடி எத்தன பேரு தம்பி?"

அன்று இரவே கணக்கெடுத்தோம். பவானி போனில் இருந்த பழைய அழைப்புகளைப் பிரித்து உட்கார்ந்தார். நல்ல பேட்டரியைக் கெட்டது என்று சொல்லி, புதிது விற்று நான் ஏமாற்றியவர்கள், இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி ராஜமாணிக்கம் ஐயாவிடம், "உங்க பணத்தத் திருப்பித் தரணும்" என்றேன். "ஓடிபி கேப்பியே, அந்த ஆளா நீ?" என்று போனை வைத்துவிட்டார். நேரில் போனேன். பணம் கைக்கு வரும்வரை கேட்டைத் திறக்கவில்லை. வந்த பிறகு உள்ளே கூப்பிட்டு, ஒரு பலாப்பழத்தை வேனில் ஏற்றி அனுப்பினார்.

இதையெல்லாம் சங்கத்தில் சொன்னேன், அப்போது எழுந்ததுதான் இந்தச் சங்கத்தின் விதி. முதலில் விலை, பிறகு ஸ்பேனர். விலையை எழுதிக் காட்டாமல் பானட்டைத் திறக்கக் கூடாது. வாடிக்கையாளர் சரி என்று சொல்லாமல் பேட்டரி எங்கள் வேனுக்கு வரக் கூடாது. தொழில் படுத்துவிடும் என்று பயந்தோம். படுத்ததா? இல்லை. முன்பு போன் அடித்தால் யாருக்கு என்ன பொய் சொன்னோம் என்று நெஞ்சு அடிக்கும். இன்று போன் மட்டும்தான் அடிக்கிறது. அச்சம் போனது, அலைச்சல் போனது, அடுத்தவர் கண்ணைப் பார்க்க முடியாத அவமானம் போனது. நேர்மை நமக்கு நஷ்டம் என்று யார் சொன்னது? நிம்மதியை எந்தத் தராசில் வைத்துப் பார்த்தார்கள்?

முடிக்கிறேன், அம்மையார் அவர்களே. மணியைப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. இன்னும் ஒன்றே ஒன்று.

இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. புவனகிரி சாலையில் நின்ற சாம்பல் நிறக் கார். பின் சீட்டில் காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தை. "இவ்ளோ ஆவுமா தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மா. "ஆவும்மா" என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை. பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் புவனகிரிக்குப் பக்கத்தில், சிதம்பரத்தில் கூட்டம் போடுங்கள், எனக்கு மைக் கொடுங்கள் என்று தமிழ்மணி அண்ணனைக் கெஞ்சினேன்.

அந்த அம்மா இந்தக் கூட்டத்தில் இருந்தால், எழுந்து மேடைக்கு வர வேண்டாம். கையை மட்டும் காட்டுங்கள். நான் இறங்கி வருகிறேன்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி. பேசவிட்ட சங்கத்துக்கு நன்றி. உண்மையைக் கேட்டு வாங்கிய பவானிக்கு நன்றி. அனைவருக்கும் வணக்கம்.