அன்னாசி நோன்பு

புதுச்சத்திரம் மாதர் சங்கத்தைப் பத்தாண்டுகளாகத் தம் தோளில் தாங்கிவரும் விழாத் தலைவி காளியாத்தாள் அம்மையார் அவர்களே! மேடையை நிறைத்து வீற்றிருக்கும் ஊர்ப் பெரியோர்களே! பகலெல்லாம் கடலைக்காட்டில் குனிந்து களை பறித்துவிட்டு, மாலையில் முகம் கழுவி, பூ முடித்து, முன்வரிசையில் பாய்விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பந்தற்காலில் சாய்ந்தபடி, பேச்சு பிடிக்காவிட்டால் நழுவிவிடலாம் என்று வழி பார்த்து நிற்கும் தோழர்களே! உண்டுவிட்டு வந்தவர்களுக்கும், போய்த்தான் உண்ண வேண்டும் என்று பசியோடு இருப்பவர்களுக்கும், உங்கள் ஊர்ப் பள்ளியின் தமிழாசிரியன் தங்கசாமி தலை தாழ்த்திச் சொல்லும் வணக்கம்.

அழைப்பிதழைப் பார்த்தேன். அடியேன் பெயருக்கு முன்னால் "அன்னாசிப் புகழ்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். மேடையில் என் முன்னே ஒரு தட்டு. தட்டு நிறைய அன்னாசித் துண்டுகள். சங்கத் தலைவி என் காதருகே வந்து, "அன்னிக்குப் பேசுனாப்பலயே பேசிப்போடுங்க வாத்தியாரே, சனம் அதைக் கேக்கத்தான் வந்திருக்குது" என்றார்கள்.

பேசுகிறேன் அம்மா. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், எழுபத்தெட்டாம் வருடம், தை மாதம், இதே மைதானம், இதே மேடை. உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. ஒரு வார இதழில் நான்கே வரியில் ஒரு துணுக்கு படித்திருந்தேன். அன்னாசியை மட்டும் தின்றால் உடம்பு மெலியும் என்று அதில் போட்டிருந்தது. எழுதியவர் யார், தெரியாது. மருத்துவரா, அதுவும் தெரியாது. அந்த நான்கு வரியை நாற்பது நிமிடம் பேசினேன்.

என்னவெல்லாம் பேசினேன்? "கொல்லிமலை கொடுத்த கொடை, கொழுப்பைக் கரைக்கும் கனி, முள்முடி சூடிய மன்னன், முந்தானைக்குள் முதிர்ந்த சதையை முற்றுகையிடும் வீரன்" என்றேன். கைதட்டினீர்கள். கைதட்டல் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. மேலும் ஏறினேன். "மாரியாத்தாவுக்கு நோன்பிருக்கிறீர்களே, மெலிவுக்கு நோன்பிருக்கக் கூடாதா? கையில் காப்புக் கட்டுங்கள். இருபத்தொரு நாள் சோறு தொடாதீர்கள். அன்னாசியே அன்னம், அன்னாசியே அமுதம். இருபத்திரண்டாம் நாள் உங்கள் கண்ணாடி உங்களை அடையாளம் தெரியாமல் திகைக்கும்" என்றேன்.

அந்தக் கைதட்டல் அடங்க எத்தனை நேரம் ஆனது என்று நினைக்கிறீர்கள்?

அன்று ஒரே ஒருத்தி எழுந்தாள். கூலிவேலைக்குப் போகிற பெருமாயி. இன்றும் அதோ வேப்பமரத்தடியில் இருக்கிறாள். "ஏனுங் சாமி, சோறு திங்காம மனுசி எப்படிங்க இருக்கறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் என்ன பதில் சொன்னேன்? "பெருமாயிக்கு மெலிய என்ன இருக்கிறது, எலும்பைத் தவிர?" என்றேன். சிரித்தீர்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். பெருமாயி, அன்றைக்கு இந்தக் கூட்டத்திலேயே அறிவுள்ள கேள்வி உன்னுடையது. அதைச் சிரிப்பில் மூழ்கடித்தவன் நான். என்னை மன்னிக்காதே.

பின்வரிசையில் இன்னும் சிரிப்பு கேட்கிறது. சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்கு என் தங்கை வள்ளியாத்தாள் வந்திருந்தாள். ராசிபுரத்துப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறவள். கூடவே அவள் மகள் வசந்தாமணி. இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். நல்ல திடமான பிள்ளை. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு குடத்தைக் கிணற்றடியிலிருந்து சிந்தாமல் கொண்டுவருவாள். வீட்டில் சந்தகை பிழிந்தால் பாதி அவளுக்கு. தின்றுவிட்டு, "மாமா, நான் குண்டா இருந்தா உங்களுக்கென்னங்க, நீங்களா தூக்கப் போறீங்க?" என்று என்னிடமே கேட்டுச் சிரிப்பாள்.

அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். சங்ககிரியில் ஒரு லாரியில் தொடங்கி ஏழு லாரியாக்கி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடிவீடு கட்டிக் குடியேறிய குடும்பம். பலகாரம் சாப்பிட்டார்கள். பெண்ணைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் மெதுவாகச் சொன்னார்களாம்: "பொண்ணு லட்சணந்தானுங்க. கொஞ்சம் பூசுன உடம்பா இருக்குது. பையன் ஒல்லியா இருந்தாத் தேவலைங்கறான். ஒரு ரண்டு மாசம் போகட்டுமுங்க, மறுக்கா வாரோம்."

அந்த இரண்டு மாதத்துக்குள்தான் என் பேச்சு.

தாய்மார்களே, என் தங்கை படித்தவள் அல்லள். ஆனால் நோன்பு என்றால் அவளுக்குத் தெரியும். நான் சொல்லலங்காரத்துக்குச் சொன்னேன். அவள் சொன்னபடி செய்தாள். நல்ல நாள் பார்த்தாள். வீடு வாசல் மெழுகினாள். மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், மகள் கையில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டினாள். அவள் கணவர் சென்னிமலை, செந்தாரப்பட்டிக்கும் சேந்தமங்கலத்துக்கும் அலைந்து கொல்லிமலைப் பழமாகப் பார்த்துக் கூடை கூடையாக வாங்கிவந்தார். காப்புக் கட்டினால் என்ன அர்த்தம் என்பது இந்த நாட்டில் உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்ட மாட்டார். சாவு வீட்டுக்குப் போக மாட்டார். நாள் முடியாமல் அந்த நூலை அவிழ்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நடுங்குவோம். மெலிகிற ஆசை நோன்பாகிவிட்டது. நோன்பை யாரால் நிறுத்த முடியும்?

மூன்றாம் நாளே பிள்ளைக்கு நாக்கு வெந்துபோனது. உப்புத் தடவித் தின்றாள். ஏழாம் நாள் கடலை மண்டித் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். எழுபத்தொரு கிலோ, அறுபத்தேழு ஆகியிருந்தது. பதினான்காம் நாள் அறுபத்திரண்டு. சென்னிமலை எனக்குக் கடிதம் எழுதினார்: "மச்சான் வாக்குப் பலித்தது." அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் படித்துக் காட்டினேன். வெட்கங்கெட்டவன், இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

பதினைந்தாம் நாள் என் தங்கை பஸ் ஏறி வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள். "அண்ணா, புள்ளை தண்ணி தண்ணிங்கறா. ஒரு குடம் குடிச்சும் நாவறட்சி அடங்கலீங்க. மணிக்கு நாலு தரம் வெளிய போறா. எந்திரிச்சா தலை சுத்துதுங்கறா. காப்பை அவுத்துப்போட்டு ஒரு வாய் கஞ்சி குடுக்கட்டுங்களா?"

அவள் கேட்டது அனுமதி. அதை என்னிடம்தான் கேட்டாள், ஏனென்றால் சொன்னவன் நான். "கொடு" என்று ஒரு சொல். தமிழில் எத்தனை ஆயிரம் சொல் எனக்குத் தெரியும் என்று மார்தட்டியிருக்கிறேன். அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை. நான் சொன்னது என்ன தெரியுமா? "உடம்பிலே தேங்கின கெட்ட நீரெல்லாம் வெளியே போகுது ஆத்தா. கட்டின காப்பைப் பாதியிலே அவுப்பாங்களா? இன்னும் ஆறே நாள்."

போய்விட்டாள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டாள்.

தலைவி அம்மையார் மேசை மணியின் மேல் கை வைக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் அம்மா. விழாவுக்கு இது ஏற்ற பேச்சல்ல என்று எனக்கும் தெரியும். அழைத்தது நீங்கள்.

பதினேழாம் நாள் ஆள் வந்தது. ஓடினேன். பிள்ளை கட்டிலில் கிடந்தாள். மூச்சு வேகமாக வாங்கிக்கொண்டிருந்தாள். கிட்டே போனால் மூச்சில் பழ வாசனை. வீட்டிலிருந்த பெண்களெல்லாம், "அன்னாசி உடம்பெல்லாம் ஊறிப்போச்சு, வாசம் பாருங்க" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்கள். நானும் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினேன். என்னைக் கண்டதும் வசந்தாமணி கண்ணைத் திறந்தாள். "மாமா, இன்னும் நாலு நாள்தானுங்களே?" என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

வாடகைக் காரில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு தேடினார்கள். மணிக்கட்டில் காப்பு இடைஞ்சலாக இருந்தது. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார். என் தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாஞ் சாமி, இன்னும் நாள் முடியலீங்க." மகள் உயிருக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள், பெற்றவள் நூலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த நூலை அவள் கட்டினாளா? இல்லை. என் வாய் கட்டியது. நான்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

டாக்டர் வயதானவர். அதட்டிப் பேசாதவர். எங்களை வெளியே அழைத்தார். "இந்தப் பொண்ணுக்குச் சர்க்கரை வியாதி. இளவயசிலேயும் வரும். தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, கிடுகிடுன்னு இளைக்கிறது, எல்லாம் அதுதான். சர்க்கரை வியாதிக்காரிக்கு நாள் பூராவும் இனிப்புப் பழமாக் கொடுத்திருக்கீங்க" என்றார். அன்னாசி வாசனை என்று நான் உளறினேன். "அது பழ வாசனை இல்லீங்க. வியாதி முத்தினா மூச்சு அப்படித்தான் வீசும்" என்றார்.

பழத்தால் வந்த நோயா என்று கேட்டேன். ஏதாவது ஒரு தண்டனை கிடைக்காதா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "வியாதி பழத்தால வரலை. சோறு தின்னிருந்தாலும் வந்திருக்கும். ஆனா சோறு தின்னு இப்படி இளைச்சிருந்தா நீங்க பயந்திருப்பீங்க. பத்து நாளைக்கு முந்தியே கூட்டிட்டு வந்திருப்பீங்க. இன்சுலின்னு ஒரு ஊசி இருக்கு. தினம் போட்டுக்கிட்டு கலியாணம் பண்ணி, பிள்ளை பெத்து, நல்லா இருக்கிறவங்க எத்தனையோ பேர்."

பயந்திருப்பீர்கள் என்றார். கேட்டீர்களா? பயப்பட வேண்டிய இடத்தில் நாங்கள் தராசு வைத்துக் கொண்டாடினோம். பிள்ளையின் சதை கரைந்தது, கொண்டாடினோம். பிள்ளையின் நீர் வற்றியது, கொண்டாடினோம். பிள்ளையின் உயிர் கிலோ கிலோவாகக் குறைந்தது, "வாக்குப் பலித்தது" என்று கடிதம் எழுதினோம்.

பதினெட்டாம் நாள் காலையில் போய்விட்டாள்.

சாவுக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். அந்தத் தாயார் கெட்டவர் அல்லர். உண்மையாகவே அழுதார்கள். அழுது, கண்ணைத் துடைத்து, வசந்தாமணியின் முகத்தைக் குனிந்து பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்கள்: "பாவம், இப்பப் பாரு, எத்தனை லட்சணமா இருக்கறா."

என் காதால் கேட்டேன். கேட்ட காது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தாய்மார்களே, உங்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களையும் பார்க்க வருவார்கள். பலகாரம் தின்று, பூசின உடம்பு என்பார்கள். அப்போது உங்கள் நெஞ்சு குறுகும், மறுப்பதற்கில்லை. அந்த நேரத்தில் மேடையில் நிற்கிற எவனாவது ஒருவன் வழி சொல்வான். அவன் குரல் நன்றாக இருக்கும். அவன் தமிழ் நன்றாக இருக்கும். நீ டாக்டரா என்று கேளுங்கள். அவன் கேலி செய்தால் உட்காராதீர்கள், மறுபடி கேளுங்கள். உங்கள் மகள் ஒரு பிடி சோறு அதிகம் தின்றால் பயப்படாதீர்கள். காரணமில்லாமல் மெலிந்தால் பயப்படுங்கள். தண்ணீர் தண்ணீர் என்றால் பயப்படுங்கள். உடை தொளதொளவென்று தொங்கி, பார்த்தவர்கள் எல்லாம் அழகாகிவிட்டாள் என்று சொன்னால், அப்போது இன்னும் அதிகமாகப் பயப்படுங்கள். காப்போ கயிறோ, கையில் எது கட்டியிருந்தாலும் அறுத்தெறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளும் ஒரு தாய்தானே?

வேண்டாம். கைதட்ட வேண்டாம். தயவுசெய்து கையைக் கீழே இறக்குங்கள்.

இந்த ஊரில் இதுவரை யாருக்கும் இது தெரியாது. வசந்தாமணி காய்ச்சலில் போனாள் என்றுதான் நீங்கள் கேள்விப்பட்டீர்கள். அப்படிச் சொல்லச் சொன்னது என் தங்கை. இந்த நான்கு வருடத்தில் அவள் என்னை ஒரு சொல் திட்டியதில்லை. என் வீட்டுக்கு வருகிறாள், எனக்குச் சோறு போட்டுவிட்டுப் போகிறாள். "நீங்க நல்லதுக்குத்தானுங்கண்ணா சொன்னீங்க" என்கிறாள். அதைவிட அவள் என் கழுத்தை நெரித்திருக்கலாம்.

நேற்று அவளிடம் போய், இன்று மேடையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். "வேண்டாமுங்கண்ணா. ஊருக்குத் தெரிஞ்சா அப்பறம் உங்களை யாரும் பேசக் கூப்பட மாட்டாங்க" என்றாள்.

அதற்காகத்தான் சொன்னேன், தாய்மார்களே. இனி என்னைக் கூப்பிடாதீர்கள். இவ்வளவு நேரம் இதைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி. வசந்தாமணியின் தாய்மாமனாக வணக்கம் சொல்லி மேடையை விட்டு இறங்குகிறேன்.