பட்டியல்ல இல்லாத ஊடு

இல்ல மிஸ், செருப்பக் கழட்ட வேணாம், அப்பிடியே வாங்க. உள்ளுக்கயும் வெளியும் இப்ப ஒண்டுதான், சீமெந்தெல்லாம் பேந்து போயிட்டு. ஓம், இதுதான் பன்னிரண்டாம் நம்பர். நான்தான் றுக்கியா, வெள்ள நட்டஈடு வரல்ல எண்டு உங்கட கந்தோருக்கு மனு எழுதிப் போட்ட ஆள். ஐயோ, அந்தக் கதிரையில இருந்திராதீங்க, அதிட கால் ஊறி உக்கிப் போச்சு. இதில இருங்க.

தண்ணிக் கோடா? அந்தா, அலுமாரிக்குப் பக்கத்தில பாருங்க. என்ட தோளுக்கும் மேல. போன நவம்பர்ல புயலோட மாவலித் தண்ணி வந்து ஏறினது. எட்டு மாசமா அந்தக் கோட்டத் தொடைக்காம வெச்சிருக்கன் மிஸ். தொடைச்சா அத்தாட்சி இல்லாமப் போயிரும், சுவரத் தொடாதீங்க, திருத்தாதீங்க எண்டு சொன்னாங்க. நானும் நம்பினன். ரெண்டு பெருநாள் வந்து போயிட்டு, ஒரு வாளி சுண்ணாம்பு அடிக்கல்ல. பெருநாளைக்கு வந்த சொந்தக்காரர் உள்ளுக்க வராம வாசல்லயே நிண்டு கதைச்சிட்டுப் போனாங்க. வெக்கமாப் போச்சு எனக்கு.

வெடிப்பு இந்த அறையில. எழும்பி வாங்க, காட்டுறன். பாத்தீங்களா? கை போகும் உள்ளுக்க. நீங்க விடாதீங்க மிஸ், பூரான் கீரான் கிடக்கும். வெளிப்பக்கமா எங்கட அவர் தென்னங்குத்தி ஒண்ட முட்டுக் குடுத்து வெச்சிருக்கார். தோணிக்குப் போகக்கொள்ளயும் ஒரு தட்டு, வரக்கொள்ளயும் ஒரு தட்டு. லாபிர்ர வேலை இப்ப மீன் பிடிக்கிறதில்ல, குத்தி தட்டுறதுதான் எண்டு ஊர்ல பகிடி பண்றாங்க.

இப்ப கச்சான் காத்து அடிக்கிது, காய்ஞ்சு கிடக்கு, அதால நிக்கிது. மேசன்மார் ரெண்டு பேர் வந்து பாத்தாங்க. ரெண்டு பேரும் ஒரே கதையத்தான் சொன்னாங்க, அடுத்த மாரிக்கு இந்தச் சுவர் நிக்காது எண்டு. இது என்ட மகள் அம்ராட அறை மிஸ். ஆறு மாசம் அவவுக்கு, தலைப்புள்ள. ஒக்டோபர்ல புள்ளையும் வரும், மாரியும் வரும். அதுக்குள்ள இது கட்டுப்படோணும். எனக்கு வேற ஒண்டும் வேணாம்.

உறுதியில ஆர்ர பேரா? மகள்ட பேர்தான். எங்கட பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, ஊடு பொம்புளப் புள்ளைக்கு, மாப்பிள்ள இங்க வந்து இருக்கிறது. கலியாணத்தோட எழுதிக் குடுத்திட்டு நானும் அவரும் ஊட்டுக்குப் பின்னால இறக்கின பத்திக்குப் போயிட்டம். இல்ல, அதால ஒரு சிக்கலும் இல்ல, அதெல்லாம் கந்தோர்ல கேட்டுட்டன்.

நாலு தரம் போனன் மிஸ். காலையில எட்டு மணிக்குப் போய் நம்பர் துண்டு எடுத்து, பகல் ரெண்டு மணி வரைக்கும் மர வாங்கில குந்தியிருந்திருக்கன். பைல் மேல போயிருக்கு, பொறுங்க. மேல இருந்து வரல்ல, பொறுங்க. மேல எண்டா எந்த மேல எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்து ஹுஸ்னியாட ஊட்டுக்கு முழங்கால் தண்ணிதான், அவவுக்குப் புதுத் தகரம் வந்து மினுங்குது. பொறாமையில சொல்லல்ல, அவவும் பாவம். ஆனா அந்தத் தகரத்தில வெயில் பட்டு என்ட கண்ணுக்கதான் அடிக்கிது.

போன மாசம் கிராம சேவகர்ர கந்தோர்ச் சுவர்ல நட்டஈட்டுப் பட்டியல் ஒட்டினாங்க. ஓடிப் போய்ப் பாத்தன். பதினொண்டு இருக்கு, பதிமூண்டு இருக்கு. பன்னிரண்டு இல்ல. ஓரம் கிழிஞ்சு போச்சாக்கும் எண்டு விரலால தடவிக்கூடப் பாத்தன். பொறகு பெரிய கந்தோருக்குப் போய், அங்க இருந்த கிளாக்கர் நோனாட்டக் கெஞ்சிப் பதிவுப் புத்தகத்தத் திறந்து பாக்கச் சொன்னன். அவ மூண்டு தரம் பொரட்டிட்டுச் சொல்றா, உம்மா, உங்கட ஊடு மேலயும் போகல்ல கீழயும் போகல்ல, இத ஆரும் பதியவே இல்ல எண்டு. எட்டு மாசம் மிஸ்! இல்லாத பைலுக்கு நான் காவல் இருந்திருக்கன்.

இல்ல, ஊடு பூட்டிக் கிடக்கல்ல. கணக்கெடுத்த கிழமை நாங்க பள்ளிக்கூடத்தில அகதியா இருந்தம்தான், ஆனா பகலையில வந்து சேறு வாரினம். பட்டியல் எடுத்தவர் வந்தாரா எண்டா… வந்தார் மிஸ். இந்த வாசலால தான் வந்தார். உள்ளுக்கயும் வந்தார், வெடிப்பையும் பாத்தார், குனிஞ்சு பாத்தார்.

காசா? சீச்சீ! ஒரு சதம் கேக்கல்ல. அவர் அப்பிடிப்பட்டவர் இல்ல. நல்ல படிப்பு, மரியாதையான ஆள், ஒரு வேளை தொழுகை விடமாட்டார். எங்களோட கோவமா? கோவம் வாறதுக்கு நாங்க என்ன செஞ்சம். வந்தா சோறு போட்டன், கணவாக்கறி எண்டா அவருக்கு உசிர் எண்டு தேடி வாங்கிச் சமைச்சன். அந்தச் சுவரத் தொடாதீங்க எண்டு எனக்குச் சொன்னதும் அவர்தான்.

ஓம், மனுவில பேர் எழுதல்லத்தான். உத்தியோகத்தர் எண்டு மட்டும்தான் எழுதினன். எழுத மனசு வரல்ல. பேர் இல்லாம விசாரிக்க ஏலாதா? கட்டாயம் வேணுமா? அவர்ர வேலைக்குப் பிரச்சினை வருமோ மிஸ்? விளக்கம் கேப்பாங்களா. ம்.

நான் அவர்ட்டக் கேட்டன் மிஸ். ஏன் இப்பிடிச் செஞ்ச எண்டு. தலையக் குனிஞ்சிட்டுச் சொல்றார், மொதல்ல இந்த ஊட்ட எழுதினா ஊர் கதைக்கும், பெட்டிசம் போடும், என்ட வேலை இன்னும் நிரந்தரமாகல்ல எண்டு. பொறகு ஒரு வழி பாப்பம் எண்டு விட்டாராம், விட்டது அப்பிடியே போச்சாம். ஊர் ரெண்டு நாள் கதைச்சிட்டு வாய மூடியிருக்கும். அத அண்டைக்கே என்ட முகத்துக்குச் சொல்லியிருந்தா நான் காதில கிடந்தத வித்தெண்டாலும் சுவர நிமித்தியிருப்பன். அந்தக் கந்தோர்ல நான் வாங்கில காத்துக் கிடக்கிறன், அவர் மேசையால எழும்பி வந்து தேத்தண்ணி குடிச்சீங்களா எண்டு கேட்டுட்டுப் போறார்! பதியாதவருக்குத் தெரியும்தானே நான் எதுக்குக் குந்தியிருக்கிறன் எண்டு. அதத்தான் மிஸ் என்னால தாங்க ஏலாமக் கிடக்கு. வெள்ளத்த நான் மறந்திருவன். இத மறக்கமாட்டன்.

சரி, எழுதுங்க. அப்ராஸ். முழுப்பேர் முகம்மது அப்ராஸ். விலாசமா? இதேதான், பன்னிரண்டாம் நம்பர். ஓம் மிஸ், இந்த ஊடுதான். மகள்ட புருஷன். இந்த அறையிலதான் ரெண்டு பேரும் படுக்கிற, அந்தக் கட்டில்தான்.

என்ன, எழுதாமப் பாத்துட்டு இருக்கீங்க? மருமகன் எண்டும் போடுங்க, மறைக்க ஒண்டும் இல்ல. எங்கட அவருக்கு இன்னும் தெரியாது. பைல் மேல போயிருக்கு எண்டு நம்பித்தான் இண்டைக்கும் குத்தியத் தட்டிட்டுப் போனார்.

மகளா? குசினிக்க சமைச்சிட்டு இருக்கா, நாம கதைக்கிறது கேக்கும், கேக்கட்டும். நான் கந்தோருக்குப் போன நாலு தரமும் அவதான் போத்தல்ல தண்ணி நிரப்பித் தந்தவ. வெயிலா இருக்கு உம்மா, குடையக் கொண்டு போங்க எண்டு வாசல் படலை மட்டும் வந்து வழி அனுப்பினவ. அவர் பதியல்ல எண்டு அவவுக்கு மொத நாளே தெரியும் மிஸ்.

அத எழுத வேணாம். கையெழுத்து எங்க வெக்கோணும், இதிலயா?