நண்டுக்குக் கிடைத்த அனுமதி

செனாய் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நர்ஸுகள், வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“அந்த கிட்னி அங்கிள் இனிமே நண்டு சாப்பிடலாமாம்.”

“நல்லதுதானே அக்கா. இத்தன நாளா உப்புகூடக் குடுக்கல.”

“என்ன நல்லது? இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, ஆசைப்பட்டத சாப்பிடட்டும்னு டாக்டரு, டயட்டீஷியன், பிசியோ எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. நானும் அங்கதான் இருந்தேன்.”

“அவரு சம்சாரத்துக்கிட்ட யாரு சொன்னா?”

“டாக்டர் மலாய்ல ‘பொலே மாக்கான்’னாரு, சாப்பிடலாம்னு. அவ்ளோதான். மிச்சத்த என்னைத் தமிழ்ல சொல்லச் சொல்லிட்டு எல்லாரும் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க.”

“சொன்னீங்களா?”

“வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அந்தம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு, ‘அவருக்கு கொணமாயிருச்சுல்ல மிஸ்ஸி’ன்னு அழுறாங்க.”

பஸ் சிக்னலில் நின்று, மறுபடி கிளம்பியது.

“நாளைக்கு நண்டு சமைச்சு எடுத்துட்டு வர்றாங்களாம்,” என்றார் ஜன்னலோரம் இருந்தவர். “எனக்கும் சேர்த்து.”